சுருக்கெழுத்துக் காதல்

சிம்மக்கல்லில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் நானும் ஒரு காலத்தில் ஷார்ட்ஹேண்ட் படித்தேன். 'படித்தேன்' என்பது அப்பாவிடம் சொன்னது. நிஜக் காரணம், ஜன்னலோர மெஷினில் தட்டிக்கொண்டிருந்த ஒரு நீலத் தாவணி. கடைசியில் தாவணி ஹையர் பாஸ். நான் லோயர் ஃபெயில். ஒரு வார்த்தை பேசியதில்லை.

வருஷங்கள் கழித்து, அதே சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு நண்பர் நாவல் ஒன்றைக் கையில் திணித்தார். பெரும்படவம் ஸ்ரீதரன் 1993-ல் மலையாளத்தில் எழுதிய 'ஒரு சங்கீர்த்தனம் போலே', தமிழில். 100 பதிப்பு தாண்டிய புத்தகம். கதாநாயகன் தஸ்தயேவ்ஸ்கி. கதாநாயகி ஷார்ட்ஹேண்ட் பெண்! எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசியுங்கள்.

நாவலுக்குப் பின்னால் இருக்கும் நிஜம் இன்னும் ஜோர். 1865-ல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் 3,000 ரூபிள் ஒப்பந்தம். 1866 நவம்பர் 1-க்குள் புது நாவல் வராவிட்டால், 9 வருஷத்துக்கு அவர் எழுத்தையெல்லாம் காலணா தராமல் போட்டுக்கொள்ளலாம். நம்ம ஊர் மீட்டர் வட்டிக்காரரே கண்ணைத் துடைத்துக்கொள்வார்!

அக்டோபர் பிறந்தாச்சு, ஒரு வரி எழுதவில்லை. வந்து சேர்ந்தாள் 20 வயது அன்னா. பகலில் அவர் சொல்லச் சொல்லக் குறிப்பு. ராத்திரி வீட்டில் அதை விரித்து எழுதுவது. 26 நாளில் 'சூதாடி' ரெடி. கொண்டுபோனால் பதிப்பாளர் ஊரில் இல்லை! போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்கினார். கெடு முடிய 2 மணி நேரம்தான் பாக்கி.

அதன் பிறகு மனுஷர் காதலைச் சொன்ன விதம் இருக்கிறதே! புது நாவல் யோசித்திருப்பதாகச் சொன்னார். வயதான, கடனாளிக் கலைஞன், சின்னப் பெண். அந்தப் பெண் அவனை ஏற்பாளா என்று கேட்டார். அன்னாவுக்குப் புரிந்துவிட்டது. ஆயுள் பூராவும் நேசிப்பேன் என்றாள். 1867-ல் கல்யாணம்.

இந்தக் கதையை உருகி உருகி வீட்டில் சொன்னேன். (வீட்டில் இருப்பது நீலத் தாவணி இல்லை ஸார். அப்பா பார்த்து முடித்த வேறொரு ஹையர் பாஸ்.)

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம்... அவர் பாடன்-பாடன் போய்ச் சூதாடினார். அன்னா கம்மல், மோதிரமெல்லாம் அடகுக்குப் போச்சு. 1871-ல்தான் சூதாட்டத்தை விட்டார். பிறகு அன்னாவே வீட்டிலிருந்து அவர் புத்தகங்களைப் பதிப்பித்து விற்று, கடனை அடைத்தாள்."

"நாவலாசிரியர்னு பேர் அவருக்கு. அன்னாவுக்கு என்னங்க கிடைச்சுது?"

"'கரமசோவ் சகோதரர்கள்' நாவலை அவளுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணினார்."

"எந்த வருஷம்?"

"1880 வாக்கில்..."

"ஒரு பக்கம் எழுத 14 வருஷமா?"

என்னிடம் பதில் இல்லை. பழைய நகைக்கடை ரசீது ஒன்று ஞாபகம் வந்தது. அது வேறு கதை. அதில் ஹீரோ நான் இல்லை.

இந்தப் பத்தியைக்கூட நான் சொல்லச் சொல்ல அவள்தான் அடித்துத் தருகிறாள். கீழே உள்ள வரியை மட்டும் நான் சொல்லவில்லை:

'இந்த வாரமும் மேட்டர் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது யாரால் என்று வாசகர்கள் தெரிந்துகொள்ளவும்.'