பத்துப் பெற்ற பாட்டியைக் கேட்டீர்களா?

"பத்துப் பெத்த பாட்டிக்கு வராத சோர்வு, ஒண்ணு பெத்த உனக்கு எப்படி வரும்?" என் சித்தி மகள் பிரசவமாகி வந்திருந்தபோது எங்கள் வீட்டிலேயே கேட்ட பேச்சு இது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைப் பற்றிய நான்கு வாதங்கள் இதற்குள் ஒளிந்திருக்கின்றன. நான்குமே தவறு.

முதலாவது, 'அந்தக் காலத்தில் இது இல்லை.' இருந்தது, பெயர்தான் வேறு. ஜன்னி என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள், வேப்பிலை அடித்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்டர் மார்சே, கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோய் பற்றித் தனி நூலே எழுதியது 1858இல்.

இரண்டாவது, 'இது படித்த பட்டணத்துப் பெண்களின் சொகுசு.' தமிழ்நாட்டுக் கிராமப்புறத் தாய்மார்களிடம் நடந்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் 100க்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, ஒத்தாசைக்கு ஆளில்லாமை ஆகியவை அதோடு சேர்ந்தே காணப்பட்டன. இதில் சொகுசு எங்கே இருக்கிறது?

மூன்றாவது, 'தாய்வீட்டில் ஆள் சூழ இருந்தால் வராது.' ஆள் துணை பெரிய பலம்தான், மறுக்கவில்லை. ஆனால் சூழ நிற்பவர்கள் என்ன பேசுகிறார்கள்? சித்தி மகளுக்குத் தலைச்சன் பெண் குழந்தை. பூண்டுக் குழம்பும் சுடுதண்ணீரும் வேளை தவறாமல் வந்தன. பார்க்க வந்தவர்களோ தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, அடுத்தது பையனாப் பொறக்கும்" என்றார்கள். ஒவ்வொரு 'பரவால்ல'வுக்கும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளை தூங்கியபோதும் அவள் தூங்கவில்லை.

நான்காவது, 'மனசில் தெம்பு இல்லை.' நஞ்சுக்கொடி விழுந்த சில நாட்களுக்குள் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் அளவுகள் சரசரவென்று இறங்குகின்றன. சிலருடைய மனநிலையை அந்த இறக்கம் கடுமையாகப் பாதிக்கிறது. முன்பே மனச்சோர்வு கண்டவர்களுக்கு ஆபத்து கூடுதல். போதாததற்கு இரவுத் தூக்கம் துண்டு துண்டாகிறது. ரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும்கூட இதே சோர்வைத் தரலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் அவசியம். தெம்பை வரவழைத்து தைராய்டைச் சரிசெய்ய முடியுமா?

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாகத் தணியும். தணியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். ஆலோசனை சிகிச்சை உண்டு, மருத்துவர் மேற்பார்வையில் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் உண்டு. டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையோடு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடும் எண்ணம் எழுந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சித்தி மகளை நாங்கள் ஆறாம் வாரம்தான் கூட்டிப்போனோம். இப்போது தேறிவிட்டாள். மருத்துவர் சொன்னதையெல்லாம் நாங்கள் வீட்டில் வந்து சொன்னபோது திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, வெற்றிலையை மடித்தபடி மெதுவாகச் சொன்னாள்: "மூணாவது பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. யாரு கேட்டா?"