பழைய ஜீப்: முதலில் ஆர்.சி. புத்தகம்!

அப்பா காலத்தில் நகரி, புத்தூர் வரை போய்வந்த ஜீப், கடைக்குப் பின்னால் கொட்டகையில் வருடக்கணக்காக நிற்கிறது. ஆயுத பூஜையன்று மட்டும் சந்தனம், குங்குமம். அதை ஓட வைக்கலாமா என்று திருத்தணி வணிகர் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அது இன்னும் காலமான அப்பா பெயரில் இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றியாக வேண்டும்.

'விண்டேஜ்' என்று பதிந்தால் கௌரவம் என்கிறார்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் கடந்த, உருமாற்றாத வண்டிக்கே அது கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கு ஓட்டலாம், அன்றாட உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ கூடாது. அப்படிப்பட்ட வண்டி மளிகைக்காரருக்கு எதற்கு? சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே மேல். அதற்கும் 20 வருடம் கடந்த கார், ஜீப்புகளுக்கு 2025-இல் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். உள்நாட்டில் தயாரான சொகுசுக் காருக்கும் கடைக்காரர் ஜீப்புக்கும் ஒரே கட்டணம் என்பது நமக்கு நியாயமாகப் படவில்லை.

வேலையில் இறங்கினால், எடுத்தவுடன் செல்ஃப் அடிக்காதீர்கள். பழைய டீசலையும் ஆயிலையும் இறக்கி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்த பிறகே சாவி. பிரேக்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ் எல்லாம் இறுகிப்போயிருக்கும்; முழு செட்டையும் மாற்றுங்கள். முருகன் கோயில் மலைப்பாதையில் குடும்பத்தோடு இறங்க வேண்டிய வண்டி அது. டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு கண்டால் அதையும் கழற்றிவிடுங்கள்.