களத்துக்கு வராத ஈரமானி

2004ஆம் ஆண்டின் முதற்பாதியில் கிழக்குக் கென்யாவின் மக்குவேனி, கிடுயி மாவட்டங்களில் மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் பெருகினர். ஜூலை 20 வரை கணக்கில் வந்தவர்கள் 317 பேர்; அவர்களில் 125 பேர் இறந்துபோனார்கள். காரணம் மக்காச்சோளத்தில் இருந்த அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு.

இந்த எண்களை நம் துறையில் அறியாதவர் குறைவு. ஆனால், நோயுற்ற வீடுகளையும் நோயுறாத வீடுகளையும் ஒப்பிட்ட ஆய்வு சொன்ன செய்தியை நாம் போதிய அளவு பேசவில்லை. ஈரம் காயாத சோளத்தை வீட்டுக்குள் வைத்திருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். பஞ்சக் காலத்தில் வெளிக் குதிரில் விட்டால் களவு போய்விடும் என்ற பயத்தில் உள்ளே கொண்டுவந்து வைத்த தானியம் அது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறக் கிராமங்களில் 106 பேர் இறந்ததும் இதே வழியில்தான்: பருவம் தவறிய மழை, நனைந்த மக்காச்சோளம், அதைத் தவிர உண்ண வேறில்லாத வீடுகள்.

இந்தியாவில் தானியத்துக்கான அஃப்ளடாக்சின் வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அந்த வரம்பு சந்தைக்கு வரும் மூட்டைக்குத்தான் காவல். விளைந்த வீட்டிலேயே சமைத்து உண்ணும் சோளம் எந்த ஆய்வகத்தையும் பார்ப்பதில்லை. அடுப்பும் அந்த வீட்டாரைக் காக்காது. சமையல் சூட்டில் இந்த நஞ்சு பெருமளவு அழிவதில்லை. சந்தை மூட்டைக்கான காவலிலும் ஓட்டை உண்டு. நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவுவதில்லை, சில மணிகளிலேயே திரண்டிருக்கும். ஓரிடத்தில் குத்தி எடுத்த ஒரு பிடி மாதிரியை எவ்வளவு துல்லியமான கருவியில் வைத்தாலும் கிடைப்பது அந்தப் பிடியின் அளவுதான். இதை அறிந்தும் கருவிக்குச் செலவிடுவதில் ஒரு பங்கைக்கூட மாதிரி எடுப்போருக்கான பயிற்சிக்கு ஒதுக்கத் தயங்குகிறோம். கொள்முதலில் திருப்பி அனுப்பிய சுமை எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். அது மாட்டுத் தீவனமானால் நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கும்.

பூஞ்சையை வயலிலேயே முழுதாகத் தடுப்பது கடினம், வறட்சியில் வாடிய பயிரை அது எளிதில் பற்றிக்கொள்ளும். அறுவடைக்குப் பின் அது மேலும் பெருகாமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது. ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை மூட்டை கட்டக் கூடாது. இதை உழவர் தம் களத்திலேயே அளந்து பார்க்க வழி வேண்டும். ஈரமானி வைத்திருக்கும் ஒவ்வொரு ஆய்வகமும் அறுவடை மாதங்களில் ஒன்றையாவது ஊர்க் களத்துக்கு அனுப்பி வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.