சூடும் இல்லை, வெறும் வாய்ப்புண்ணும் இல்லை

ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சைக்காகப் படுத்திருப்பவரின் குடும்பத்துக்கு வரும் போன்களில் பாதி, வைத்தியம் சொல்லும் போன்கள்தான். "வாயெல்லாம் புண்ணா? அது உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரையத் தேங்காப்பால் ஊத்தி வெச்சுக் குடுங்க, மூணே நாள்ல ஆறிடும்." சொல்பவருக்கு அன்பு இருக்கிறது, அனுபவமும் இருக்கிறது. ஆனால் அவர் பார்த்த வாய்ப்புண் வேறு, இது வேறு.

மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்று வந்த நோயாளியை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஸ்டெம் செல்களையே திருப்பிச் செலுத்துவதற்கு முன்பு, மெல்ஃபலான் என்ற மருந்தை உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம் என்ற கணக்கில் நரம்பில் ஏற்றுவது வழக்கம். பெருகும் செல்களை அழிப்பது அதன் வேலை. புற்றுச் செல்லா, கன்னத்தின் உள்தோலா என்று அது பார்ப்பதில்லை. அடியில் புதுச் செல் பிறப்பது நின்றுபோக, மேல் தோல் தேய்ந்து உரிகிறது. புண் கண்ணில் படவே சில நாட்கள் ஆகும். ஆனால் சேதம் மருந்து ஏறியபோதே அடித்திசுவில் தொடங்கிவிட்டது என்பதை அமெரிக்க வாய்நோய் நிபுணர் ஸ்டீபன் சோனிஸ் கட்டம் கட்டமாக விளக்கியிருக்கிறார். மியூகோசைடிஸ் என்பது இதன் பெயர். வாயோடு நிற்காது, குடல் முழுக்கப் போகும். கூடவே வயிற்றுப்போக்கும் வருவது அதனால்தான்.

தன் எச்சிலை விழுங்க முடியாமல், தாடைக்குக் கீழே ட்ரேயைப் பிடித்து வழியவிட்டுக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட நோட்டில் எழுதிக் காட்டுகிறவரைப் பார்த்தவர்கள் 'வாய்ப்புண்' என்று சாதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். நீராகாரம் மட்டும் இறங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அது 3ஆம் நிலை. அதுவும் இறங்காவிட்டால் 4. முழு உடல் கதிர்வீச்சும் கடுமையான கீமோவும் பெற்ற ரத்தப் புற்று நோயாளிகளிடம் பாலிஃபெர்மின் என்ற மருந்தைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2004இல் வெளியானது. அந்த மருந்து கொடுக்கப்படாத பிரிவில் 98 விழுக்காட்டினர் இந்த இரண்டு நிலைகளுக்குப் போனார்கள். அத்தனை பேருக்குமா உடம்புச் சூடு?

கீரைக்கும் எனக்கும் பகையில்லை. வத்தக்குழம்பில் மணத்தக்காளி வத்தலுக்கு ஈடில்லை. ஆனால், கிருமியோடு போராடும் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை 500க்கும் கீழே கிடக்கும் நாட்களில் ஒருவரிடம் பச்சை இலையைக் கொடுத்து மெல்லச் சொல்வது விபரீதம். உரிந்த வாய் திறந்த கதவு. ஆரோக்கியமானவர் வாயில் சும்மா கிடக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கூட அந்த வழியாக ரத்தத்தில் இறங்கி உயிருக்கே உலை வைக்கும். புதிய செல்கள் வேரூன்றி, வெள்ளணு கவுன்ட் ஏறும் காலத்தையொட்டியே புண்ணும் பெரும்பாலும் ஆறுகிறது. அதற்கு முந்தைய நாள் எதைக் கொடுத்தார்களோ அதற்குப் பேர் கிடைத்துவிடுகிறது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

இதில் பெரிய வேடிக்கை ஐஸ். மெல்ஃபலான் ஏறுவதற்குச் சற்று முன்பிருந்து, ஏறி முடிந்து கொஞ்ச நேரம் வரை, ஐஸ்கட்டிகளை வாயில் ஒதுக்கிக் கரைத்துக்கொண்டே இருந்தால் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அங்கே போய்ச் சேரும் மருந்து குறையும். மெல்ஃபலான் ரத்தத்தில் நெடுநேரம் தங்காது என்பதால் இந்தக் கொஞ்ச நேரக் குளிர்ச்சியே காப்பாற்றிவிடுகிறது. புற்றுநோய்த் துணைச் சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் இதைப் பரிந்துரைக்கின்றன. செலவோ, காய்ச்சி ஆறிய தண்ணீரும் ஃப்ரீசரும்தான். ஆனால் வீட்டுப் பெரியவர் தடுப்பார்: "கீமோ ஏறுறப்ப ஐஸா? சளி புடிச்சுக்கும்!" சூட்டினால் புண் என்று சொல்லும் அதே வாய்தான் குளிர்ச்சிக்கும் தடை போடுகிறது. எல்லா கீமோவுக்கும் ஐஸ் ஆகாது என்பது உண்மை. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை வாங்குகிறவர் ஐஸ் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. அதை முடிவுசெய்ய வேண்டியவர் டாக்டர், சித்தப்பா அல்ல.

புண் வந்த பிறகோ, பேச்சு பொறுமைக்குத் தாவும். "கீமோன்னா அப்படித்தான், பல்லக் கடிச்சிட்டு இரு." மார்ஃபின் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால், போதைக்கு அடிமையாகிவிடுவாரோ என்று பயம். மருந்துக்கான அபினைச் சட்டப்படி விளைவிக்கும் மிகச் சில நாடுகளில் ஒன்று நம்முடையது. மத்தியப் பிரதேசத்து நீமச்சில் அதற்கு அரசு ஆலையே இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் மார்ஃபினை நம் நோயாளிக்குக் கொடுக்க மட்டும் கை நடுங்குகிறது. இந்த வலிக்கு அது தேவைப்படுவது பெரும்பாலும் ஓரிரு வாரங்களுக்குத்தான், அதுவும் நர்ஸ்கள் கண்காணிப்பில். மலச்சிக்கல் வரும், தூக்கம் வரும். அவற்றுக்கு வழி இருக்கிறது. புண் ஆற ஆற அளவைக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். வலி அடங்கினால்தான் அவரால் வாயைத் திறந்து உப்புச் சோடாத் தண்ணீரில் கொப்பளிக்க முடியும், மிருதுவான பிரஷ்ஷால் பல் துலக்க முடியும். வாய் சுத்தமாக இல்லாவிட்டால் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்குத்தான் கொண்டாட்டம்.