தாயமும் திட்டவிலக்கமும்

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணோ பிள்ளையோ இருந்தால், பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு மாலை வேளையில் இந்தக் காட்சி நடக்காமல் இராது. கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குழந்தை பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும். "என்ன கணக்கு, கண்ணு?" என்று கேட்டால், "நிகழ்தகவு" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வரும். அதைக் கேட்டதும், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஞாபகம் வந்து எழுந்து போய்விடும் தாய்மார்கள் அநேகம்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இது எட்டாவது அத்தியாயம். "புள்ளியியலும் நிகழ்தகவும்" என்று பெயர். பெயர்தான் மிரட்டுகிறதே ஒழிய, உள்ளே இருக்கும் சரக்கில் பாதி நம் வீட்டுத் திண்ணையில் கிடப்பதுதான்.

சென்ற மாதம் ஒரு வேலையாக வெண்ணந்தூர் போயிருந்தேன். இராசிபுரத்துக்குப் பக்கத்தில், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும் ஊர். நான் உட்கார்ந்திருந்த வீட்டிலும் ஒரு பெண் இந்த அத்தியாயத்தோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவள் தாயாரைப் பார்த்து, "நீங்கள் சொல்லிக் கொடுக்கலாமே, அக்கா" என்றேன். "எனக்கு என்னங்க தெரியும்? நான் ஆறாவதோட நின்னவ" என்றார். ஆனால் மாடத்தில் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி இருந்தது. அது போதாதா?

நீங்களும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டைக்கு நான்கு முகம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று முகங்களில் புள்ளிகள், நான்காவது வெறுமை. இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டினால், நாலு நாலு பதினாறு விதமாக விழலாம். இந்தப் பதினாறையும் வரிசையாக எழுதினால் அதற்குப் பெயர்தான் "கூறுவெளி". இவ்வளவுதான் சமாசாரம்.

தாயம் எப்படி விழும்? ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் வெறுமை. குழந்தைகள் தடுக்கி விழுவது இங்கேதான். இதை ஒரே வழி என்று எழுதிவிடுகிறார்கள். முதல் கட்டையில் ஒன்றும் இரண்டாவதில் வெறுமையும் விழலாம். மாறியும் விழலாம் அல்லவா? ஆகவே இரண்டு வழி. கட்டைகள் பார்வைக்கு ஒன்று போல இருப்பதால் மனசு ஏமாறுகிறது. ஒரு கட்டையில் ஒரு நூலைக் கட்டிவிட்டு உருட்டிப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். பதினாறில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. அதுதான் தாயத்தின் நிகழ்தகவு.

இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. அதற்கு ஒரே வழி. மூன்றும் மூன்றுமாக விழுந்தால் ஆறு. அதற்கும் ஒரே வழி. ஐந்துக்கு இரண்டு வழி. நாலுக்கு மூன்று, இரண்டுக்கு மூன்று. மூன்றுக்கு மட்டும் நாலு வழி. கூட்டிப் பாருங்கள், பதினாறு சரியாக வரும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று பெரும்பாலும் விளையாடுகிறோமே (ஊருக்கு ஊர் விதி மாறும், சண்டைக்கு வராதீர்கள்), அந்த நாலுக்கும் சேர்த்து ஆறு வழிதான். அரிதாக விழுவதற்குப் பரிசு வைத்தவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு படித்தார்கள் என்று தெரியவில்லை!

"எட்டில் ஒன்று என்றால், எட்டு தரம் உருட்டினால் ஒரு தாயம் கட்டாயம் விழ வேண்டுமே?" என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. விழ வேண்டியதில்லை. ஒரு தரத்தில் தாயம் விழாமலிருக்க எட்டில் ஏழு. அதை எட்டு தடவை பெருக்கினால் ஏறக்குறைய 0.34 வருகிறது. எட்டு உருட்டிலும் தாயமே காணாமல், காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. "இது எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று சிரித்தார் தாயார்.

பாரதத்தில் நளன் கதை நினைவுக்கு வருகிறது. சூதில் நாட்டை இழந்த நளன், இருதுபன்ன ராஜாவுக்குத் தேரோட்டியாகப் போகிறான். வழியில் ராஜா ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதிலுள்ள இலையும் காயும் இத்தனை என்று சொல்கிறான். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. அந்த எண் வித்தையையும் சூதின் நுட்பத்தையும் ராஜா சொல்லிக் கொடுக்க, பதிலுக்குக் குதிரை வித்தையைக் கற்பிக்கிறான் நளன். கணக்குத் தெரிந்த பிறகுதான் அவனைப் பிடித்திருந்த கலி விலகியது.

நம் வீடுகளைப் பிடித்திருக்கும் கலி ஒன்று உண்டு. புத்தகத்தில், "ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டினால் மூன்றும் தலையாக விழ என்ன வாய்ப்பு?" என்று ஒரு கணக்கு வரும். விடை எட்டில் ஒன்று. நம் தாயத்தின் விடையேதான். இப்போது நாணயத்தை விட்டுவிட்டுக் குழந்தைகளை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் பெண்ணாகப் பிறக்க எட்டில் ஒன்று. "அப்படியானால் நாலாவது ஆண்தான்" என்பார் ஒருவர். "அவளுக்குப் பெண் ராசி, நாலாவதும் பெண்ணே" என்பார் இன்னொருவர். இரண்டும் தப்பு. நாணயத்துக்கு முன்பு விழுந்தது ஞாபகம் இராது; கருவுக்கும் இராது. நாலாவதற்கும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான். (உலகத்தில் பொதுவாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. வீட்டுப் பாடத்துக்குப் பாதி என்றே வைத்துக்கொள்ளலாம்.) ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதோ தகப்பனிடமிருந்து வரும் குரோமோசோம். ஆனால் பழி மட்டும் மருமகள் தலையில்!

இதை வெறும் வேடிக்கைக் கணக்காக நம் பக்கத்தில் பேச முடியாது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். நாமக்கல்லும் வெண்ணந்தூரும் அப்போது சேலத்தோடுதான் இருந்தன. 1997-ல்தான் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. பத்தாம் வகுப்புப் பெண் இந்த எட்டில் ஒன்றைப் போட்டு முடித்ததும், பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தரம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

போகட்டும், அத்தியாயத்தின் முன்பாதிக்கு வருவோம். "திட்டவிலக்கம்" என்றதும் குழந்தைகள் சூத்திரத்தை உருப்போடுகிறார்கள். எதற்கு என்று கேட்டால் முழிக்கிறார்கள். கணக்குக்காக இரண்டு தறி வீடுகளை வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் ஐந்து வாரக் கூலி 3,000, 3,100, 2,900, 3,050, 2,950 ரூபாய். இரண்டாவது வீட்டில் 4,500, 1,500, 3,750, 2,250, 3,000. இரண்டுக்கும் சராசரி 3,000தான். ஒவ்வொரு வாரமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, அதை வர்க்கப்படுத்தி, கூட்டி, ஐந்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் முதல் வீட்டுக்குச் சுமார் 71 ரூபாய். இரண்டாவதற்குச் சுமார் 1,061. விலகலை அப்படியே கூட்டினால் ஏற்றமும் இறக்கமும் அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். வர்க்கம் எடுப்பது அதற்காகத்தான்.

இந்த எண்களை நான் வாசித்தபோது, ஆறாவதோடு நின்ற அந்த அம்மாள் சூத்திரத்துக்கே காத்திருக்கவில்லை. "ரெண்டாவது வீட்டுக்காரங்க வாரச் சீட்டு கட்ட முடியாதுங்க. ரெண்டாம் வாரமே தவறிப் போயிரும்" என்றார். திட்டவிலக்கத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கல்லூரியில்கூடக் கேட்டதில்லை.

புள்ளியியலில் உலகம் போற்றிய சி. ஆர். ராவ், அன்றைய சென்னை மாகாணத்து ஹடகலியில் 1920-ல் பிறந்து, 2023-ல் தம் 102-ஆவது வயதில் மறைந்தார். சிறு வயதில் தினமும் காலை நாலு மணிக்கு எழுப்பி, எண்ணெய் விளக்கேற்றிப் படிக்க உட்கார வைத்தவர் என்று தம் தாயார் லட்சுமிகாந்தம்மாளைப் புத்தகத்திலேயே நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார்.

சரி, இந்த வாரத்துக்கு ஒரு கணக்கு. எத்தனை தரம் உருட்டினால், ஒரு தாயமாவது விழும் வாய்ப்பு பாதிக்கு மேல் போகும்? எட்டில் ஏழை ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே போங்கள். பாதிக்குக் கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். விடை அடுத்த இதழில்.