பழி சுமக்கும் ஆல்டர்னேட்டர்

பழைய லேண்ட் ரோவரின் முகப்பில் சார்ஜ் விளக்கு அணைய மறுத்தால், ஆல்டர்னேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பூட்டுவது வழக்கமாகிவிட்டது. இலக்கியம் பேசுமிடத்தில் பட்டறைச் சமாச்சாரம் எதற்கு என்று சில வாசகர்கள் புருவம் உயர்த்தக்கூடும். விசாரணையில்லாத் தண்டனை எங்கு நடந்தாலும் அதைப் பேச நமக்கு உரிமையுண்டு என்றே கருதுகிறோம்.

1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான இவ்வண்டி, போருக்குப் பிந்தைய பிரிட்டனின் எஃகுத் தட்டுப்பாட்டில் பிறந்தது. அடிச்சட்டத்தை எஃகில் செய்தவர்கள் மேலுடலுக்கு அலுமினியக் கலவையை நாடினார்கள். இரண்டும் கூடுமிடத்தில் ஈரம் புகுந்தால் வெண்பொடி பூக்கும், எர்த் பலவீனப்படும். எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய பஞ்சம் இன்று மங்கலான விளக்காக வந்து நிற்கிறது. பழியோ ஆல்டர்னேட்டரின் தலையில்!

குற்றவாளியைக் கண்டறிய ஒரு மல்டிமீட்டர் போதும். ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏறினால் ஆல்டர்னேட்டர் நிரபராதி. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். ஏறவே இல்லையென்றாலும் அவசரம் வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு முகப்பு விளக்குகளை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் உடலிலும் மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தால், அரை வோல்ட் காட்டுமிடத்தில் கோளாறு கம்பியிலோ இணைப்பிலோதான்.

நம்மை மிகவும் கவர்ந்தது அந்தச் சிறு சிவப்பு விளக்கு. பலர் அதை வெறும் எச்சரிக்கை என்றே எண்ணுகிறார்கள். சாவியைத் திருப்பியதும் அதன் இழைவழியே செல்லும் சிறிதளவு மின்சாரம்தான் ரோட்டரின் காந்தத்தைத் துயிலெழுப்புகிறது. சாவி திருப்பியும் அது எரியாவிட்டால் முதலில் பல்பைப் பார்க்க வேண்டும். சில ரூபாய் பல்புக்காகச் சில ஆயிரங்களைத் தொலைப்பவர்கள் உண்டு.

இனி, தூய்மைவாதிகளோடு ஒரு சிறு சச்சரவு. 1971இல் மூன்றாம் வரிசை வரும்வரை இவ்வண்டிகளில் டைனமோதான் இருந்தது. அதை அகற்றுவதே பாவம் என்பது அவர்கள் கட்சி. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் டைனமோ ஏறக்குறைய உறங்கிவிடும்; ஆல்டர்னேட்டர் விழித்திருக்கும். ஓடுவதற்கென்று செய்யப்பட்ட வண்டியை ஓடவைப்பதில் பாவம் எதுவுமில்லை. ஆனால் 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த். துருவத்தை மாற்றாமல் பூட்டினால் டையோடுகள் கணத்தில் கருகும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் டைனமோ காலத்துப் பழக்கமும் அப்படித்தான். ஒரு தலைமுறையின் அனுபவ அறிவு அடுத்ததன் நாசமாகும் விசித்திரம் இது.

வசதி படைத்தோரின் பொழுதுபோக்குதானே என்று இதை ஒதுக்கவும் முடியாது. மேற்கு வங்கத்தின் மானேபஞ்ஜங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரச் சந்தக்ஃபூ வரை, 1950களின் லேண்ட் ரோவர்கள் இந்த நூற்றாண்டிலும் ஆட்களையும் அரிசியையும் சுமந்தன; குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அத்தகைய மலைப்பாதையில் சார்ஜ் நின்றால் என்னவாகும்? பழைய டீசல் எஞ்சின் மின்சாரமின்றியும் ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் எஞ்சின் பேட்டரி தீரும்வரைதான். விளக்கு இரண்டிலும் அவியும். மூடுபனியில், வளைவில், இருட்டில் ஓட்டுநர் என்ன செய்வார்? அவருக்குத் தேவை மாற்றுப் பாகத்தை விற்பவரல்ல, காரணத்தைத் தேடத் தெரிந்த மெக்கானிக். அந்த மெக்கானிக்குகள் அருகி வருவதே நமது கவலை.

எல்லாம் அளந்து, மாற்றியே தீரவேண்டும் என்று முடிவானால் தாராளமாக மாற்றுங்கள். முதலில் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள். 22 ஆம்பியர் டைனமோவுக்கென்று இழுக்கப்பட்ட பழைய கம்பியில் 65 ஆம்பியர் ஆல்டர்னேட்டரை இணைத்தால் கம்பி கொதிக்கும். தடித்த புதுக்கம்பியைக் கையோடு வாங்கி வாருங்கள்.