வலிக்காத கல்லுக்கு எதற்குக் கத்தி?

பிறந்த நாளுக்கு அப்பாவுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்த பிள்ளைகள், இப்போது மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அப்பாவும் வெறும் வயிற்றோடு போய், ஜில்லென்று ஜெல்லைத் தடவவிட்டுப் படுக்கிறார். சாயங்காலம் ரிப்போர்ட். சர்க்கரை நார்மல், பிரஷர் நார்மல். கடைசியில் ஒரு வரி: பித்தப்பையில் கல், 9 மில்லிமீட்டர்.

அவ்வளவுதான். காலையில் மனிதராகப் போனவர், மாலையில் நோயாளியாகத் திரும்புகிறார்.

வலி வந்ததுண்டா? இல்லை. காய்ச்சல்? இல்லை. மஞ்சள் காமாலை? அதுவும் இல்லை. ஆனாலும் ஆலோசனை தயாராக இருக்கிறது: “இப்ப சும்மாதான் இருக்கு சார். எப்ப வேலையைக் காட்டும்னு சொல்ல முடியாது. டைம் பாம் மாதிரி. இன்ஷூரன்ஸ் இருக்கில்ல? எடுத்துடலாமே!”

கல்லுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் என்னய்யா சம்பந்தம்?

முதலில் அந்த ‘டைம் பாம்’ கதையைப் பார்ப்போம். வலியே இல்லாமல் கல் மட்டும் இருந்த 123 பேரை அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காகக் கவனித்தார்கள். 1982-ல் முடிவு வெளியானது. 15 வருடங்களில் வலி வந்தவர்கள் சுமார் 18 சதவிகிதம். கல்லால் செத்தவர் ஒருவர்கூட இல்லை. ‘அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், பெண்களுக்கு இது பொருந்தாது’ என்று ஆட்சேபிக்கலாம். நியாயம்தான். பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்தே பார்த்தால், வலி வருவது வருடத்துக்கு நூற்றில் ஒருவரிலிருந்து நால்வர் வரைதான். அப்படி வருகிறவர்களிலும் பெரும்பாலோருக்கு முதலில் வருவது வலி, எடுத்த எடுப்பில் ஆபத்து அல்ல. முன்கூட்டியே குரல் கொடுக்கிற வெடிகுண்டை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

1992-லேயே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டிச் சொல்லிவிட்டது: தொந்தரவு தராத கல்லுக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவையில்லை. இது ஒன்றும் ரகசியமல்ல. மருத்துவப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பிறகு ஏன் கத்தி? சுலபமாகிவிட்டது, அதனால்தான். 1882-ல் பெர்லினில் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை வெட்டி எடுத்த காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு, வயிற்றில் பெரிய வெட்டுப் போட வேண்டியிருந்தது. டாக்டரும் யோசித்தார், நோயாளியும் யோசித்தார். 1985-ல் ஜெர்மனியின் எரிக் மூஹே சின்னத் துளை வழியாக எடுத்துக் காட்டினார். இந்தியாவில் 1990-ல் மும்பையில் டாக்டர் உத்வாடியா செய்தார். அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. மறுநாளே எழுந்து நடக்கலாம். ஆனால் சுலபமானதும் யோசனை குறைந்தது.

அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் கணக்கெடுத்தார்கள். லேப்ராஸ்கோப்பி வந்த சில வருடங்களில் பித்தப்பை ஆபரேஷன்கள் 28 சதவிகிதம் கூடிவிட்டன. ஆபரேஷனில் உயிர் போகிற ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால், செத்தவர்களின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை! ஆபத்து குறைந்த ஆபரேஷனை அதிகம் பேருக்குச் செய்தார்கள், வந்த லாபம் அதிலேயே கரைந்துவிட்டது.

“சின்ன ஆபரேஷன்தானே?” என்பவர்களுக்கு ஒரு தகவல். ஆயிரம் பேருக்குச் செய்தால் சுமார் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தக்குழாய் காயப்படுகிறது. அதைச் சரிசெய்வது பெரிய ஆபரேஷன். சிலருக்கு ஆயுள் முழுக்கத் தொந்தரவு. கல்லால் அவதிப்படுகிறவர் இந்த ஆபத்தை ஏற்பதில் அர்த்தம் உண்டு. ஒரு தொந்தரவும் இல்லாதவர் எதற்காக ஏற்க வேண்டும்?

இதைப் படித்துவிட்டு, “பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்!” என்று ஆப்பிள் ஜூஸ் கோஷ்டி துள்ளிக் குதிக்க வேண்டாம். அடுத்தது உங்களுக்குத்தான்.

ஐந்து நாள் ஆப்பிள் ஜூஸ், ஆறாம் நாள் ராத்திரி ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு. காலையில் பச்சைப் பச்சையாகக் கற்கள் வெளியே வருமாம். வரத்தான் செய்கிறது. அப்படி வந்த ‘கற்களை’ நியூசிலாந்தில் பரிசோதித்து, 2005-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். அவை கல்லே இல்லை. குடித்த எண்ணெயும் ஜீரண ரசமும் சேர்ந்து குடலுக்குள் தயாரான சோப்பு! வயிற்றுக்குள் சோப்புக் கம்பெனி நடத்திவிட்டு, கல் கரைந்தது என்று வாட்ஸ்அப்பில் சாட்சி சொல்கிறார்கள்.

வாழைத்தண்டு ஜூஸும் அப்படித்தான். சிறுநீரகக் கல் வேறு, பித்தப்பைக் கல் வேறு. அது சிறுநீரோடு வெளியேற வழி உண்டு. இது கொழுப்பாலோ நிறமியாலோ ஆனது. பித்தக்குழாய்க்குள் இறங்கினால்தான் விபரீதமே. மாத்திரையும் சின்னக் கொழுப்புக் கற்களைத்தான் கரைக்கும், அதற்கும் மாதக்கணக்காகும். நிறுத்தினால் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்குத் திரும்ப வந்துவிடும்.

வலி வந்தால் கதை மாறுகிறது. மேல் வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ பிடித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவி, அரை மணிக்கு மேல் நீடிக்கிற வலி. ராத்திரி விருந்துக்குப் பிறகு வருவது இதன் வாடிக்கை. இதை ‘கேஸ்’ என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்தே வருடங்களை ஓட்டுகிறவர்கள் நம் வீடுகளில் உண்டு, முக்கியமாகப் பெண்கள். வேண்டாம், ஸ்கேன் பாருங்கள். அப்போதும் அவசரப்பட வேண்டியதில்லை. 2023-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், சிக்கலில்லாத வலி உள்ளவர்களில் உடனே ஆபரேஷன் என்று தீர்மானித்தவர்களுக்கும் பொறுத்துப் பார்த்தவர்களுக்கும் 18 மாதத்தில் வலியில் பெரிய வித்தியாசமில்லை. பேசி முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது.

அவகாசமே இல்லாத நிலையும் உண்டு. வலியோடு குளிர் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், மணிக்கணக்கில் விடாத வலி, நிற்காத வாந்தி. இவை பித்தப்பை அழற்சி, குழாய் அடைப்பு, கணைய வீக்கம் என்று உயிர் வரை போகும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீங்கிய பித்தப்பையை ஆறு வாரம் ஆறவிட்டு எடுப்பது பழைய வழக்கம். முதல் சில நாட்களிலேயே எடுப்பது நல்லது என்பதுதான் இன்றைய மருத்துவம்.

வலியில்லாவிட்டாலும் விதிவிலக்குகள் உண்டு. 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், சுண்ணாம்பு படிந்த பித்தப்பைச் சுவர், 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பாலிப். பித்தப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள கங்கைச் சமவெளியில் டாக்டர்கள் வேறு தராசு வைத்திருக்கிறார்கள். அந்தத் தராசை அப்படியே தூக்கி வந்து சென்னையிலும் மதுரையிலும் நிறுத்துக் காட்டுவது நியாயமில்லை.

ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். ‘எனக்கு இருக்கிற தொந்தரவு இந்தக் கல்லால்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? எடுக்காவிட்டால் என்ன ஆகும், எத்தனை பேருக்கு? என்னிடம் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வீர்களா?’

நல்ல டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பொறுமையாகப் பதில் சொல்வார்கள். பதில் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதவருக்கு, நீங்கள் உங்கள் வயிற்றை ஒதுக்க வேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.